வைத்த பெயரும் வழங்கும் பெயரும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியைத் தமிழில் ஒரு தனித்துறையாக மதிக்கச் செய்த நூல்களுள் தலையாயது, சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்பதாகும். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், நாவில் தேய்ந்து உருமாறிக் கிடந்த எத்தனையோ பெயர்களைக் கல்வெட்டின் துணையாலும், தேவாரம் முதலிய இலக்கியங்களின் துணையாலும் துலக்கிக் காட்டியது. நிலத்தின் இயல்பால் அமைந்த பெயர் இன்னது, குடிகளால் அமைந்த பெயர் இன்னது, மன்னரால் வந்த பெயர் இன்னது, தெய்வத்தால் வந்த பெயர் இன்னது என்று வகுத்துக் காட்டிய முறை, அவருக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர் பலர்க்கும் வழிகாட்டியாயிற்று. ஊரின் பெயரே ஊரின் வரலாறு என்னும் எண்ணம் கற்றவரிடையே வேரூன்றியதற்கும் அந்நூல் ஒரு பெருங்காரணம் எனலாம்.

ஆயினும், ஓர் அளவுகோல் எத்துணைச் செம்மையானது என்பதை அது பிறந்த மண்ணில் மட்டும் அளந்து பார்த்து முடிவு செய்தல் போதாது. தமிழர் குடியேறி வாழும் வேற்று மண்ணிலும் அதனைக் கொண்டுபோய்ப் பார்த்தல் வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தீவின் வடபகுதியில் ஈசூன் என இன்று வழங்கும் நகரும், அதனைச் சூழ்ந்திருந்த சிற்றூர்களுமே அவ்விடம். அங்கே மலாய்ப் பெயருண்டு. தியோச்சியூச் சீனப் பெயருண்டு. ஆங்கிலேயர் இட்ட பெயருண்டு. மாண்டரின் ஒலிப்பில் திருத்தப்பட்ட பெயருமுண்டு. இவை அனைத்தையும் தமிழர் தம் நாவால் நாள்தோறும் வழங்கி வருகின்றனர். சேதுப்பிள்ளை காட்டிய வழி இங்கே எதுவரை செல்கிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

நிலம் தந்த பெயர்கள்

முதற்கண் அம்முறை நன்கு பொருந்துமிடத்தைக் காண்போம். ஈசூனுக்கு வடக்கே செம்பவாங் உள்ளது. அப்பெயர் செம்பவாங் என்னும் மரத்தினின்று வந்தது என்பர். மரத்தால் ஊர் பெயர் பெறுதல் தமிழருக்குப் புதிதன்று. ஆலங்காடும், பனையூரும், புளியங்குடியும், மருதூரும் அவ்வாறு அமைந்தனவே. மரம் நின்ற இடத்தில் மனிதர் கூடினர். மரத்தின் பெயரே மனிதர் வாழிடத்தின் பெயராயிற்று. கடல் கடந்தும் இவ்வியல்பு மாறவில்லை.

அடுத்துச் சிலேத்தார். ஜொகூர் நீரிணையிலும் அதனைச் சார்ந்த கழிமுகங்களிலும் படகே வீடாக வாழ்ந்த ‘ஓராங் சிலேத்தார்’ என்னும் கடல்சார் குடியினரோடு தொடர்புடைய பெயர் அது. சிலேத்தார் ஆறும் அவர் பெயராலேயே விளங்குகிறது. நிலையாக ஓரிடத்தில் வீடு கட்டி வாழாத மக்கள், தம் பெயரை ஓர் ஆற்றின் மேல் நிலையாக எழுதிச் சென்றனர் என்பது எண்ணத்தக்கது. நெய்தல் நிலத்துப் பரதவரை நினைக்கும் தமிழ் மாணவனுக்கு இஃது எளிதில் விளங்கும்.

மூன்றாவது காத்திப். இன்று ஒரு பெருவிரைவு இரயில் நிலையத்தின் பெயராக ஒலிக்கும் இச்சொல், காத்திப் பொங்சு என்னும் பழம் பெயரின் முற்பகுதி. காத்திப் என்பவர் பள்ளிவாசலில் பேருரை நிகழ்த்துபவர்; பொங்சு என்பது உடன்பிறந்தாருள் இளையவரைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஆற்றுக்கும் அதன் கரையிலிருந்த மலாய்க் குடியிருப்புக்கும் அப்பெயர் வழங்கிற்று. சமயத் தொண்டர் ஒருவரின் நினைவைத் தாங்கிய பெயர் இது எனத் தோன்றுகிறது.

நான்காவது சான் சூ காங். சிலேத்தார் ஆற்றின் மேற்பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, தியோச்சியூச் சீனர் மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். தோல் பதனிடுவதற்கும் சாயத்துக்கும் உதவிய காம்பியர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு மிகுதியாக வேண்டியிருந்தமையால், அவர்கள் காட்டை ஒட்டியே குடியேறினர். ஆற்றங்கரையில் சரக்கு ஏற்றும் துறையும், அதனைச் சூழ்ந்து கடைகளும் எழுந்தன. சான் என்பது குலப்பெயர். அக்குலத்தாரின் ஆற்றங்கரைக் குடியிருப்பு சான் சூ காங். சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என இன்றும் வழங்கும் பெயர்கள் இதன் உடன்பிறப்புகளே. பாக்கமும் பட்டினமும் நீர்த்துறையைச் சுட்டுவது போல, காங் என்னும் ஈறு இங்கே ஆற்றுத்துறையைச் சுட்டி நிற்கிறது.

மரம், குடி, சமயத் தொண்டர், குலமும் துறையும் ஆகிய நான்கும் சேதுப்பிள்ளையின் வகுப்பு முறைக்குள் இடர்ப்பாடின்றி அடங்கிவிடுகின்றன. இதுவரை அவருடைய அளவுகோல் குறையற்றது.

உடையவன் பெயர்

சான் சூ காங் என்னும் பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1930ஐ ஒட்டி அவ்வூர் நீ சூன் கிராமம் என்னும் பெயரைப் பெற்றது. அப்பெயருக்குரிய லிம் நீ சூன், 1879இல் சிங்கப்பூரிலேயே பிறந்த தியோச்சியூச் சீனர். இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தவர். ரப்பர்த் தோட்டத்தாலும் அன்னாசித் தொழிலாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென்னுக்குத் துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர். 1936இல் ஷாங்ஹாயில் மறைந்த அவர் நான்கிங் நகரில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அப்பர் தாம்சன் சாலையும், மண்டாய்ச் சாலையும், செம்பவாங் சாலையும் கூடுமிடத்தில் அவருடைய ஊர் இருந்தது. பக்கத்துச் சாலைகளுக்கு அவருடைய வணிக நிலையங்களின் பெயர்களும் குடும்பத்தார் பெயர்களும் இடப்பெற்றன. ‘பா சூன் பா’ என்றொரு சாலை இன்றும் உண்டு. ‘பாபா சூன்’ என்று மக்கள் அவரை அழைத்த பெயரும், தோட்டத்தைக் குறிக்கும் ‘பா’ என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்தது அது. அவர் மகனார் லிம் சோங் பாங் 1956இல் மறைந்த பின்னர், செம்பவாங்கை அடுத்திருந்த வெஸ்ட் ஹில் கிராமம் சோங் பாங் கிராமம் ஆயிற்று. தந்தை பெயரில் ஓரூர். மகன் பெயரில் அண்டையூர்.

மன்னன் பெயரால் ஊர் அமைவதைத் தமிழகம் நன்கறியும். கங்கைகொண்ட சோழபுரம் அதற்கு என்றும் அழியாச் சான்று. இங்கே மன்னன் இடத்தில் தோட்ட முதலாளி நிற்கிறார்; வேறுபாடு அவ்வளவே என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் கூறி மேலே செல்லக்கூடும். இங்கேதான் சற்று நின்று நோக்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டுவித்த பேரேரிக்குச் சோழகங்கம் என்பது பெயர். செப்பேடு அதனை வெற்றித்தூண் என்று புகழ்கிறது. ஆனால் அவ்வேரியை மக்கள் வழங்கும் பெயர் பொன்னேரி. செப்பேட்டில் ஒரு பெயர். சேற்றில் இறங்கி உழுதவன் நாவில் வேறொரு பெயர். பல்லவபுரமோ பல்லாவரம் என உருமாறிற்று. அவ்வுருமாற்றமே அப்பெயர் மக்கள் நாவில் நெடுங்காலம் புரண்டது என்பதற்குச் சான்று.

எனவே, ஊர்ப்பெயர்களை யாரால் வந்தன என்று மட்டும் வகுத்தல் போதாது. வைத்த பெயர் எது, வழங்கும் பெயர் எது என்றும் பிரித்துக் காண வேண்டும். வைத்த பெயர் ஆணையால் பிறப்பது. வழங்கும் பெயர் பழக்கத்தால் பிறப்பது. முன்னது பின்னதாக மாறுவதும் உண்டு. நீ சூன் என்பது வைத்த பெயரேயாயினும், இரண்டு தலைமுறைக்குள் அது வழங்கும் பெயராகிவிட்டது. உழைத்தவரும் கடை வைத்தவரும் அதனைத் தம் ஊர்ப்பெயராக ஏற்றுக்கொண்டனர். உடையவனை மறந்த பின்னும் ஊரை அப்பெயரால் நினைத்தனர். ஒரு பெயருக்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை.

நடந்து சென்ற பெயர்கள்

தமிழகத்து ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஒரு கருத்தை ஐயமின்றி ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. பெயர் மாறினாலும் ஊர் அங்கேயே இருக்கும் என்பதே அக்கருத்து. மறைக்காடு வேதாரணியமாயிற்று, முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று, ஆயினும் கோயிலும் மண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிங்கப்பூரின் வடபகுதியிலோ நிகழ்ந்தது நேர்மாறானது. பெயர் நின்றது, ஊர் நகர்ந்தது.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பழைய நீ சூன் கிராமத்துக்கு வடகிழக்கே ஒரு புதுநகரை எழுப்பிற்று. ரப்பர் மரங்களும் அத்தாப்புக் கூரை வீடுகளும் மறைந்து, அடுக்குமாடி வீடுகள் தோன்றின. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அங்கே இரயில் நிலையமும் திறக்கப்பெற்றது. கிராமத்தின் பெயர் புதுநகருக்குச் சென்றது. கிராமம் இருந்த இடமோ ஸ்பிரிங்லீஃப் என்னும் பெயரால் அறியப்படலாயிற்று; 2021இல் அவ்விடத்தில் திறந்த இரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். மிளகுத் தோட்டத்தையோ, ஆற்றுத்துறையையோ, ரப்பர்த் தோட்டத்தையோ நினைவூட்டும் ஓர் எழுத்தும் அப்பெயரில் இல்லை. கேட்பதற்கு இனிய ஆங்கிலச் சொற்கள் இரண்டு சேர்ந்து நிற்கின்றன, அவ்வளவே.

சோங் பாங்கின் நிலையும் அதுவே. செம்பவாங்கை அடுத்திருந்த பழைய கிராமம் 1980களில் கலைந்தது. அப்பெயரைத் தாங்கிய கடைத்தொகுதியும் உணவங்காடியும் ஈசூன் நகருக்குள் எழுந்தன. ஆதலால் பாட்டன் சொல்லும் சோங் பாங் வேறு. பேரன் சொல்லும் சோங் பாங் வேறு. இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, இருவேறு மண்ணைச் சுட்டுகின்றனர். வீட்டுத் திண்ணையில் நிகழும் இச்சிறு குழப்பம், வரலாற்று நூலில் பெரும்பிழையாக வளரக்கூடும். பழைய ஆவணம் ஒன்றில் நீ சூன் என்று காணும் மாணவன், இன்றைய ஈசூன் இரயில் நிலையத்தைச் சுற்றி அதனைத் தேடினால் வழி தவறுவான். சொல்லின் பொருளை ஆராய்வதோடு, சொல் நடந்து சென்ற வழியையும் ஆராய்வது இங்கே இன்றியமையாததாகிறது.

ஓர் எழுத்து, ஈர் ஒலி

நகர்ந்த பெயர், நகர்ந்தபோதே ஒலியும் மாறிற்று. 1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் மொழி பேசும் இயக்கம் தொடங்கிற்று. அதன் சூழலில் தியோச்சியூ, ஹொக்கியன் ஒலிப்பில் வழங்கிய இடப்பெயர்கள் பல, மாண்டரின் ஒலிப்பில் பின்யின் முறைப்படி எழுதப்பெற்றன. நீ சூன் என்னும் பெயரைச் சீன எழுத்தில் எழுதி, அவ்வெழுத்தை மாண்டரினில் படித்தால் வருவது ஈசூன். பெக் சான் பீஷானாயிற்று. ஆவ் காங் ஹவ்காங்காயிற்று.

மறைக்காடு வேதாரணியமானதற்கும் இதற்கும் ஒப்புமை உண்டு, வேற்றுமையும் உண்டு. அங்கே பொருள் காக்கப்பட்டு ஒலி முற்றும் மாறிற்று. ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு மொழிபெயர்ப்பு நிகழ்ந்தது. இங்கே எழுத்து காக்கப்பட்டு ஒலி மட்டும் மாறிற்று. ஆயினும் இரண்டிலும் உள்ளுறை ஒன்றே. வீட்டுமொழியில் இருந்த பெயர், மேன்மை பெற்ற மொழிக்குள் ஏற்றி வைக்கப்பட்டது. தம் தாய் தியோச்சியூவில் அழைத்த பெயரை லிம் நீ சூன் அறிவார். ஈசூன் என்றழைத்தால் அது தம்மையே குறிக்கிறது என்று உடனே உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே.

இம்மாற்றத்துக்கு மக்கள் எங்கும் ஒருபடியாக இணங்கவில்லை. சிராங்கூன் சாலைத் தமிழர் நன்கறிந்த சான்று தேக்கா. சிறு மூங்கிலின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். சந்தை 1982இல் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அதற்கு ‘சூஜியாவ்’ என மாண்டரின் ஒலிப்பில் பெயர் எழுதப்பெற்றது. ஆனால் தமிழரும் மலாய்க்காரரும், சீனருள் பலரும், தேக்கா என்று சொல்வதை விடவில்லை. மீன் வாங்கப் போனவரும் புடவை வாங்கப் போனவரும் தேக்காவுக்கே போயினர். 2000ஆம் ஆண்டில் பலகையே மக்களுக்கு இணங்கிற்று. கட்டடம் மீண்டும் தேக்கா என்னும் பெயரைப் பெற்றது. ஹொக்கியன் சொல் ஒன்றைத் தமிழ் நாவும் காத்து நின்றது என்பது சிங்கப்பூர் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

தேக்காவில் வென்ற வழக்கு நீ சூனில் ஏன் வெல்லவில்லை? விடை மண்ணிலேயே உள்ளது. தேக்காவில் பெயர் மாறியபோதும், அதனை வழங்கிய கூட்டம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. நாள்தோறும் அதே தெருவில் அதே மக்கள் கூடினர். நீ சூனிலோ வழங்கிய மக்கள் பல திசைகளில் குடிபெயர்ந்தனர். புதுநகருக்கு வந்தவர் பலர் வேறு ஊர்களினின்று வந்தவர். அவர்களுக்கு ஈசூனே முதற்பெயர். வழங்குவோர் கலைந்தால் வழக்கும் கலையும். ஆயினும் பழம் பெயர் முற்றும் அழியவில்லை. 2011இல் அமைந்த குழுத்தொகுதிக்கு நீ சூன் என்றே பெயர். ஒருவர் பெயரே இருவேறு ஒலியில், ஒன்று நகருக்கும் மற்றொன்று தொகுதிக்குமாக நிலவுகிறது.

மலைச்சிற்றூர் ஒன்றன் சான்று

இந்நிலை சிங்கப்பூருக்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. 1949இல் சிங்கப்பூர்க் காவல்துறையில் கூர்க்காப் படைப்பிரிவு அமைந்தது முதல், நேபாள மலையூர்களின் இளைஞர் இத்தீவில் பணியாற்றி வருகின்றனர். கூர்க்காப் படைகளுக்கு நெடுங்காலமாக வீரர்களை அனுப்பிய ஊர்களுள் ஒன்று, அன்னபூர்ணா மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள காந்துருக். குருங் இனத்தார் வாழும் மலைச்சிற்றூர் அது. மோதி ஆற்றின் எதிர்க்கரையில் லாந்துருக் என்னும் அண்டையூர் உள்ளது. ஓசையாலேயே உறவு காட்டும் இவ்விரு பெயர்களும் ஒரு பள்ளத்தாக்கின் இருகரைகளையும் இணைத்து நிற்கின்றன.

காந்துருக்குக்குக் குருங் மொழியில் வேறு பெயர் உண்டு. ஆவணத்தில் எழுதப்படும் பெயர் ஒன்று. வீட்டில் பேசப்படும் பெயர் வேறொன்று. 2017இல் நேபாளத்தில் உள்ளாட்சி அமைப்பு திருத்தப்பட்டது. பழைய கிராம வளர்ச்சிக் குழுக்கள் நீங்கி, நாடு முழுமைக்கும் 753 உள்ளாட்சிகள் அமைந்தன. காந்துருக் அன்னபூர்ணா கிராம நகராட்சிக்குள் அடங்கிற்று. ஆட்சி ஏட்டில் மலையின் பெயர் மேலோங்கிற்று. ஊரின் பெயர் ஒரு பகுதியின் பெயராகச் சுருங்கிற்று.

ஆனால் காந்துருக்கில் ஊர் நகரவில்லை. கல் வேய்ந்த வீடுகளும் படிக்கட்டு வயல்களும் அங்கேயே உள்ளன. பெயரை வழங்கும் மக்களும் உள்ளனர். ஆட்சி ஏட்டின் பெயர் எத்தனை முறை மாறினும் ஊர்ப்பெயர் பிழைத்திருக்க அதுவே போதும். தேக்காவும் காந்துருக்கும் ஒருபுறம். பழைய நீ சூனும் பழைய சோங் பாங்கும் மறுபுறம். பெயரைக் காப்பது பலகையுமன்று, பட்டயமுமன்று. கூடி வாழும் மக்களே என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் உண்மை.

பெயர் பெறாதவர்

இனி, இவ்வாராய்ச்சியில் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பகுதிக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவருள் தமிழர் உண்டு. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பெற்ற செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் உழைத்தனர். தளத்தைச் சுற்றி அமைந்த சாலைகளுக்கு ஆங்கிலேயர் தம் பேரரசின் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். கான்பரா, மால்டா, ஜிப்ரால்டர், டர்பன், டில்லி எனக் கடல் கடந்த ஊர்களெல்லாம் அங்கே சாலைகளாயின. தளத்துக்குத் தமிழர் வழங்கிய பெயரோ ‘நேவல் பேஸ்’ என்பதே. எங்கே வேலை என்றாலும், எங்கே வீடு என்றாலும், அவ்வொரு சொல்லே விடை. அது தெருவன்று, கிராமமன்று. ஒரு வாழ்க்கை முறையின் பெயர். 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. 1971இல் ஆங்கிலப் படைகள் நீங்கின. அவ்வாழ்க்கையும் அதனோடு கலைந்தது.

நீ சூன் என்னும் பெயர் இந்திய வரலாற்றிலும் இடம்பெற்றது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் நாள், சிராங்கூன் சாலைக்கு அண்மையிலுள்ள பேரர் பூங்காவில் இந்தியப் படைவீரர் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பல்லாயிரவர் நீ சூன் முகாமில் வைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவம் உருவான கதையில் அம்முகாமுக்குத் தனியிடம் உண்டு. சீன வணிகர் ஒருவரின் பெயர், இந்திய விடுதலைப் போரின் ஏட்டில் இவ்வாறு ஏறிற்று.

ஆனால் வரைபடத்தில் தேடினால் தோட்ட உடைமையாளர் பெயர் கிடைக்கிறது. பேரரசின் துறைமுகங்களின் பெயர் கிடைக்கிறது. உழைத்தவர் பெயர் எளிதில் கிடைப்பதில்லை. அவர்கள் வேறோரிடத்தில் தம் பெயரை எழுதினர். 1960களின் தொடக்கத்தில், கான்பரா சாலையை ஒட்டி ஒரு மரத்தடியில் முருகன் வழிபாடு தொடங்கிற்று. கடற்படைத் தளத் தொழிலாளரே அதனை வளர்த்தனர். நில மேம்பாட்டால் இடம் பெயர நேர்ந்தபோது, 1990களில் அக்கோயில் ஈசூன் தொழிற்பேட்டைப் பகுதியில் புதிதாக எழுந்தது. புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்பது அதன் பெயர். பங்குனி உத்திரத்தன்று காவடி ஏந்துவோர் அங்கே திரள்கின்றனர்.

அப்பெயரை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதன்முதல் வழிபட்ட இடம் கைவிட்டுப் போயிற்று. ஆயினும் மரம் கோயிலின் பெயரில் நிற்கிறது. செம்பவாங் மரத்தால் ஓர் ஊர் பெயர் பெற்றதும், வழிபட்ட மரத்தால் ஒரு கோயில் பெயர் பெற்றதும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தவை. நகர்ந்த பெயர்களுள் இஃது ஒன்றே, தான் விட்டு வந்த இடத்தின் அடையாளத்தையும் உடன் சுமந்து வந்தது. நீ சூன் நகர்ந்தபோது ஆற்றுத்துறையை எடுத்து வரவில்லை; சோங் பாங் நகர்ந்தபோது பழைய கிராமத்தை எடுத்து வரவில்லை. தொழிலாளர் வைத்த பெயர் மட்டும் தன் மரத்தை எடுத்து வந்தது.

இலக்கியத்திலும் இத்தகைய முயற்சி தோன்றியுள்ளது. கமலாதேவி அரவிந்தனின் ‘செம்பவாங்’ என்னும் புதினம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, 1960களில் கடற்படைத் தளத்தைச் சூழ்ந்து வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் வாழ்வைச் சொல்கிறது. 2020இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஊர்ப்பெயர் நூல்கள் செம்பவாங் என்றால் ஒரு மரம் என்று சொல்லி நின்றுவிடும். அச்சொல்லைக் கேட்டால் யார் முகம் நினைவுக்கு வரும் என்பதைப் புதினமே சொல்ல வல்லது.

அளவுகோல் நீள வேண்டும்

சேதுப்பிள்ளையின் நூலைக் குறை கூறுவது இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவர் முறை ஏற்றதே. கல்வெட்டு நிறைந்த நாட்டில் கல்வெட்டைக் கொண்டு ஆராய்வது இயல்பு. ஆனால் கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடுத்தவன் குரல். அதனை மட்டும் கேட்பவனுக்கு, பொன்னேரி என்று வழங்கியவன் குரல் கேளாது. தமிழகத்தில் மண்ணும் மக்களும் நகராது நின்றமையால் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. மக்கள் வழக்கைப் பின்வந்தோரும் கேட்டறிய முடிந்தது. ஊரே நகர்ந்துவிட்ட சிங்கப்பூரில் அக்குறை வெளிப்பட்டுத் தெரிகிறது. இங்கே வழங்கியவன் குரலை உரிய காலத்தில் பதிவு செய்யாவிடில், பின்னர்க் கேட்டறிய ஊருமில்லை, கூட்டமுமில்லை.

இதனை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் உண்டு. சிங்கப்பூர்த் தெருக்களுக்குச் சீனரும் தமிழரும் வழங்கிய பெயர்களை 1891இல் ஹாட்டன் என்பார் தொகுத்து வெளியிட்டார். 1905இல் ஃபர்ம்ஸ்டோன் என்பார் சீனப் பெயர்களை விரிவாகத் தொகுத்தார். பலகையில் எழுதியதை விடுத்து, மக்கள் வாயில் வழங்கியதைக் கேட்டு எழுதியவை அப்பட்டியல்கள். அவ்வழி நகர்த்தெருக்களோடு நின்றுவிடாமல் வடபகுதித் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் நீள வேண்டும்.

ஆகவே ஊர்ப்பெயர் ஆராய்வோர் இனி நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். பெயரை வைத்தவர் யார் என்பது முதல் வினா. வழங்கியவர் யார், எம்மொழியில் வழங்கினர் என்பது இரண்டாவது. அப்பெயர் எம்மண்ணில் தொடங்கி எம்மண்ணுக்கு நடந்தது என்பது மூன்றாவது. அங்கே வாழ்ந்தும் பெயர் பெறாதவர் யாவர் என்பது நான்காவது. சேதுப்பிள்ளை முதல் வினாவுக்கு விடை காணும் வழியைத் தமிழருக்கு நன்கு கற்பித்தார். எஞ்சிய மூன்றனுக்கும் விடை கல்லில் இல்லை. பால் வெட்டியவர், பட்டறையில் உழைத்தவர், மரத்தடியில் விளக்கேற்றியவர் ஆகியோரின் நினைவில் உள்ளது. முதுமை அவர்களை நாள்தோறும் குறைத்து வருகிறது. அவர்கள் எவ்விடத்தைச் சோங் பாங் என்றனர், எவ்விடத்தை நேவல் பேஸ் என்றனர் என்று கேட்டு, வரைபடத்தில் குறித்து வைத்தல் இன்றே செய்யத்தக்க பணி. பெயர் மட்டும் எஞ்சி, அது சுட்டிய மண் மறந்துபோகுமாயின், ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியாகவே முடிந்துவிடும்.